சுக்கான் போன காவிரி

ஜீயபுரம் தாண்டி முக்கொம்புக்கு எத்தனை தடவை போயிருப்பீங்க? அந்த அணையோட கதை தெரியுமா?

பாய்மரப் படகுல சுக்கான் உடைஞ்சா நீரோட்டம் இழுக்கிற பக்கம்தான் போகும். 1830-களில் காவிரி அப்படித்தான் இருந்தது. முக்கொம்பில் பிரியும் கொள்ளிடம் தாழ்வாகவும் சரிவாகவும் இருந்ததால் தண்ணீர் அங்கேயே ஓடியது. காவிரியில் மணல் மேடிட்டது. தஞ்சாவூர் வயல்கள் தண்ணீருக்குத் தவித்தன.

அப்போ வந்தவர் ஆர்தர் காட்டன். 1803-ல் பிறந்தவர், 16 வயசுலேயே மெட்ராஸ் இன்ஜினியர்ஸில் சேர்ந்தவர். சுக்கான் போனா மாலுமி என்ன செய்வான்? பாயைக் கூட்டிக் குறைச்சு, ஒரு பக்கம் இழுவை கொடுத்து படகைத் திருப்புவான். காட்டனும் ஆற்றோடு மல்லுக்கட்டவில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே தாழ்வாக ஓர் அணை எழுப்பினார். தண்ணீர் காவிரிக்குத் திரும்பியது. ஆனா கொஞ்சம் அதிகமாவே திரும்பிடுச்சு! பிறகு அணையில் ஒரு பகுதியின் உயரத்தைக் குறைக்க வேண்டியதாச்சு. அடுத்து கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டினார். 1899-ல் மறைந்தார்.

2018 ஆகஸ்ட் 22 இரவு, வெள்ளத்தில் முக்கொம்பு கொள்ளிடம் அணையின் 9 மதகுகள் உடைந்தன. அடுத்த வருஷம் நாமளும் இன்ஜினியர்தான். கட்டி முடிச்சா வேலை முடிஞ்சிடாது, சுக்கானை யாராவது பிடிச்சுக்கிட்டே இருக்கணும். மறந்துடாதீங்க.