மேற்கோளின் ஊர் தேடியவர்

காவிரி நாட்டு உத்தமதானபுரத்தைச் சேர்ந்த குடும்பத்தில் 1855 பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் பாடங்கேட்டதும், 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானதும், அவ்வாண்டே சேலம் இராமசாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றி வினவி அவர் வாழ்வின் திசையை மாற்றியதும் நம் வட்டத்தார் நன்கறிந்தவை. ஏடு தேடி அலைந்த கதையும் அவ்வாறே. அவர் தேடிய இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. அது மேற்கோளின் மூலம்.

சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர் பழம்பாடல் அடிகளை ஏராளமாக எடுத்தாள்கிறார். நூற்பெயரையோ பல இடங்களில் சொல்வதில்லை. பிறரும் அவ்வாறு கூறினர் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார். அவர் காலத்து மாணாக்கர்க்கு அவ்வடிகள் நெட்டுருவாய் இருந்திருக்கலாம். சில நூற்றாண்டுகள் கழித்து வந்த ஐயருக்கோ, அந்தப் பிறர் யாவர் என்பதே புதிர். ஓரடி ஏட்டில் உள்ளபடி சரிதானா, எழுதினோர் பிழையா என்று துணிய மூலநூல் வேண்டும். அதை நாடித் திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளை ஆராய்ந்தபோதுதான் எட்டுத்தொகை நூல்கள் அவர் கண்ணிற்பட்டன. உரையில் துண்டு துண்டாய்க் கண்ட அடிகள் அங்கே முழுப்பாட்டாக நின்றன. இப்பயன் விளைந்தமையால் உரையாசிரியரின் மௌனத்தை நாம் மன்னிக்கலாம். ஐயர் பட்ட பாட்டை எண்ணினால் அதற்கும் மனம் வருவதில்லை.

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் வேறு வகையினர். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் எனத் தமக்குத் துணையான நூல்களைப் பெயரிட்டே உரைக்கிறார். அவற்றுள் பஞ்சமரபு பிற்காலத்தில் அச்சேறியது. அப்பெயரை அவர் குறித்திராவிடின், ஏட்டைக் கண்டெடுத்தோர் அதன் பெருமையை உணர்ந்திருப்பரோ, ஐயமே.

தம் பதிப்புகளில் ஐயர் கைக்கொண்டது இப்பின்னவர் நெறி. 1887இல் சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என நூல்கள் வெளிவந்தன. எந்த ஏடு எவரிடமிருந்து கிடைத்தது என்பதை ஊரும் பேருமாக முகவுரைகளில் எழுதினார். சமண சமயக் கருத்துகளை விளக்கிய கும்பகோணத்துச் சமணர்களையும் அவர் மறைக்கவில்லை. பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைத்தார். உரையில் வந்த மேற்கோள்களுக்கு நூற்பெயர் காட்டினார். மூலம் அறியக்கூடாத அடிகளை என் செய்வது? பெயர் பெற்ற புலவர் பலர் அவ்விடத்தில் ஊகத்தால் ஒரு நூலைச் சொல்லி நகர்ந்துவிடுவர். ஐயர் அவற்றை விளங்கா மேற்கோள் எனத் தனியே அகராதிப்படுத்தி அச்சிட்டார்.

1942 ஏப்ரல் 28ஆம் நாள் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார். என் சரித்திரம் முற்றுப்பெறவில்லை. விளங்கா மேற்கோள் பட்டியலிலும் சில அடிகள் தம் ஊரறியாமல் நிற்கின்றன.