ஒதுக்கப்பட்டவர் உருவாக்கிய அணிகள்

கிரிக்கெட் என்றால் நாம் விடிய விடியப் பேசுவோம். ரக்பி லீக் என்றால், "அது என்னப்பா?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். அணிக்கு 13 பேர், முட்டை வடிவப் பந்து. கபடியில் பாடி வருபவரை மடக்குவது மாதிரி, பந்தோடு ஓடி வருபவரைக் கட்டிப்பிடித்துச் சாய்க்க வேண்டும். எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் அதற்கு 'டிரை' என்று பெயர். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் வளர்த்த ஆட்டம் இது. விளையாடப் போனதால் இழந்த கூலியைத் தர வேண்டும் என்ற தகராறில்தான் 1895-ல் பழைய ரக்பியிலிருந்து பிரிந்தது.

இந்த ஆட்டத்தின் பயிற்சியாளர்களில் என் மனதைக் கவர்ந்தவர் ராய் ஃபிரான்சிஸ். 1919-ல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் பிறந்து, பிரின்மாவர் என்ற சிற்றூரில் வளர்ந்த கறுப்பினத்தவர். 17 வயதிலேயே விகன் கிளப்பில் சேர்ந்தார். ஓரத்தில் நின்று, பந்து கிடைத்ததும் பறக்கும் விங்கர். 356 ஆட்டங்களில் 229 டிரை! சும்மாவா?

இவ்வளவு இருந்தும் 1946-ல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டன் அணியில் அவர் பெயர் இல்லை. அந்த நாட்டின் நிறவெறிக்கு அஞ்சியே அவரை விட்டுவிட்டார்கள் என்பது வரலாற்று ஆசிரியர்கள் சொல்லும் காரணம். அடுத்த ஆண்டு நியூசிலாந்துக்கு எதிராக ஒரே ஒரு டெஸ்ட் கிடைத்தது. அதில் இரண்டு டிரை போட்டார். பிறகு அழைப்பே இல்லை.

வேறொருவராக இருந்தால் மனம் வெறுத்துப் போயிருப்பார். ஃபிரான்சிஸ் என்ன செய்தார் தெரியுமா? 1950-களின் தொடக்கத்தில் ஹல் அணிக்குப் பயிற்சியாளர் ஆனார். பிரிட்டனில் தொழில்முறை விளையாட்டு அணி ஒன்றுக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

போர்க்காலத்தில் ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த அனுபவம் கை கொடுத்தது. மைதானத்தைச் சுற்றி ஓடினால் போதும் என்றிருந்த காலத்தில் எடை தூக்க வைத்தார், வேக ஓட்டம் பழக்கினார். ஆட்டத்தைப் படம் பிடித்துப் போட்டுக் காட்டித் தவறுகளை விளக்கினார். வீரர்களின் மனைவி, குழந்தைகள் ஆட்டம் பார்க்க வர ஏற்பாடு செய்தார். வீட்டில் நிம்மதி இருந்தால்தான் களத்தில் கால் ஓடும் என்பது அவர் கணக்கு. கணக்கு தப்பவில்லை: 1956, 1958 என்று இரண்டு முறை ஹல் லீக் சாம்பியன்.

1963-ல் லீட்ஸ் அணிக்குப் போனார். 1968 மே மாதம் லண்டன் வெம்பிளியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம். கொட்டிய மழையில் மைதானம் குளமாகிவிட்டது. கடைசி நிமிடத்தில் வேக்ஃபீல்ட் டிரை போட, லீட்ஸ் 11, வேக்ஃபீல்ட் 10. கம்பங்களுக்கு நேர் எதிரே ஒரு எளிய உதை. போனால் வேக்ஃபீல்டுக்குக் கோப்பை. டான் ஃபாக்ஸ் உதைத்த பந்து விலகிப் போனது. கோப்பை லீட்ஸுக்கு! கடைசி உதை அதிர்ஷ்டம் என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடம் வரை அணியைக் கொண்டுவந்தது ஐந்தாண்டு உழைப்பு அல்லவா?

வீரராகப் போக விடாத அதே ஆஸ்திரேலியாவுக்கு, 1969-ல் நார்த் சிட்னி அணியின் பயிற்சியாளராகப் போனார். அங்கே கோப்பை எதுவும் கிடைக்கவில்லை. திரும்பி வந்து, 1975-ல் லீட்ஸுக்கு பிரீமியர்ஷிப் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 1989-ல் மறைந்தார். 2023-ல் பிரின்மாவரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

எனக்குச் சிலையை விடப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. 1961-ல், ஃபிரான்சிஸ் பயிற்சியாளராக இருந்தபோது, கிளைவ் சலிவன் என்ற கார்டிஃப் கறுப்பின இளைஞர் ஹல் அணியில் சேர்ந்தார். 1972-ல் பிரிட்டன் உலகக் கோப்பையை வென்றபோது அணித் தலைவர் அந்தச் சலிவன்தான்!

நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஃபோர்மேனாகவும் சூப்பர்வைசராகவும் நிற்போம். நமக்குக் கீழே பத்துப் பேர் இருப்பார்கள். யாரை உள்ளே விடுவது, யாரை ஒதுக்குவது என்ற அதிகாரம் கொஞ்சமாவது நம் கையில் வரும். வேலை தெரிகிறதா என்று மட்டும் பார்ப்போம். வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்போம். ஃபிரான்சிஸ் செய்ததும் அதுதானே!