பத்திராதிபர் ஜி. சுப்பிரமணிய ஐயர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1787-ம் வருஷம் அரசியல் நிர்ணயச் சட்டம் எழுதப்பட்டது. பத்திரிகைகளின் சுதந்திரத்தைக் குறைக்கும் சட்டம் எதையும் அந்நாட்டுச் சட்டசபை இயற்றலாகாதென்ற திருத்தம் 1791-ல் அமுலுக்கு வந்தது. ஹாமில்டன் கட்சியாரும் ஜெபர்ஸன் கட்சியாரும் தத்தமக்குரிய பத்திரிகைகளைக் கொண்டு வாதாடினர். நமது சென்னை ராஜதானியிலோ அத்தகைய பாதுகாப்பு யாதுமின்றியே பத்திரிகை முதலில் பிறந்தது. சபையும் கட்சியும் பின்னரே வந்தன. இம்மூன்றிலும் கை வைத்தவர் ஒருவரே.

நம் தொட்டியத்தைத் தழுவிச் செல்லும் காவேரி கிழக்கே பாய்ந்து சேரும் திருவையாற்றில், 1855-ம் வருஷம் ஜனவரி மாதம் 19-ந் தேதி சுப்பிரமணிய ஐயர் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தஞ்சையில் படித்து, சென்னையில் உபாத்தியாயரானார்.

1878-ல் முத்துசாமி ஐயர் ஹைக்கோர்ட்டு ஜட்ஜாக நியமிக்கப்பட்டபோது வெள்ளைக்காரர் பத்திரிகைகள் அதை இகழ்ந்து எழுதின. மறுமொழி கூற நம்மவரிடம் தக்கதோர் பத்திரிகை இல்லை. அப்பொழுது இவரும், வீரராகவாச்சாரியாரும், சட்டம் பயிலும் மாணவர் நால்வரும் கூடி, ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு ஹிந்து பத்திரிகையை வெளியிட்டனர். நமது சங்கப் பத்திரிகைக்குப் பணமில்லை என்று வருந்தும் அன்பர்கள் இத்தொகையைக் கவனிப்பார்களாக!

அவ்வருஷமே லிட்டன் பிரபு சுதேச பாஷைப் பத்திரிகைகளை மட்டும் அடக்கும் சட்டமொன்றைக் கொண்டுவந்தார். அச்சட்டம் நீங்கிய பின், 1882-ல், ஐயர் சுதேசமித்திரனைத் தமிழில் தொடங்கினார். இங்கிலீஷ் அறியாத கிராமத்தாருக்கும் ராஜாங்க விஷயங்கள் எட்டவேண்டுமென்பது அவர் கொள்கை. 1884-ல் சென்னை மகாஜன சபையை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். மறுவருஷம் டிஸம்பரில் பம்பாயில் முதற்காங்கிரஸ் கூடிற்று. வந்திருந்த பிரதிநிதிகள் 72 பேர். இந்திய ஆட்சியின் நிலையை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டுமென்ற முதல் தீர்மானத்தைப் பிரேரேபித்தவர் நம் ஐயரே.

இதுவரை எல்லோரும் புகழ்வர். இனிக் கூறுவது நம்போன்ற ஜாதிச் சங்கத்தார் சற்று நிதானித்துப் படிக்கவேண்டிய பகுதி. அவருடைய மூத்த குமாரத்தி இளம்பிராயத்திலேயே விதவையானாள். சர்க்காரிடம் நியாயம் கேட்பவர் தம் வீட்டிலுள்ள பெண்ணுக்கு அதை மறுப்பதெப்படி? 1889-ல் பம்பாயில் காங்கிரஸ் கூடிய சமயத்தில் அவளுக்கு மறுமணம் செய்வித்தார். ஊர் திரும்பியதும் சுற்றத்தார் விலகினர், ஜாதியார் பகிஷ்கரித்தனர். நேற்றுவரை அவருடைய பத்திரிகையைப் பெருமையோடு படித்தவர்களே அவரோடு பந்தியில் உட்கார மறுத்தனர். இச்செய்கையை நாம் நியாயமென்று சொல்லமாட்டோம். தள்ளிவைக்கும் அதிகாரம் எத்துணை எளிதாய் நம் கைக்கு வருகிறதென்பதை எண்ணும்போது நமக்கே கூச்சமாயிருக்கிறது. அவரோ தம் எழுத்தைத் தளர்த்தவில்லை.

1898-ல் அவர் ஹிந்துவை விட்டு விலகிச் சுதேசமித்திரனையே முழுதும் பேணினார். அது 1899-ல் தினசரியாயிற்று. 1904-ல் சுப்பிரமணிய பாரதியாரை உதவி ஆசிரியராய்ச் சேர்த்துக்கொண்டவரும் அவரே. 1908-ல் ராஜத்துரோகக் குற்றத்தின் பேரில் கைதானார். அதற்குள் கொடிய தோல்நோய் அவர் தேகத்தை வாட்டத் தொடங்கியிருந்தது. 1915-ல் பத்திரிகையை அ. ரங்கசாமி ஐயங்காரிடம் ஒப்புவித்து, 1916-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 18-ந் தேதி சென்னையில் காலமானார்.