சுடச் சொன்னார்கள், அவர் சோறு போடச் சொன்னார்



போன மாதம் ஒரு மாலை, நம் பூங்கா பெஞ்சில் வழக்கமான கூட்டம். பேச்சு, இரவுப் பணியில் இருக்கும் ஒரு செக்யூரிட்டி தம்பி சூப்பர்வைசரை எதிர்த்துப் பேசியதைப் பற்றி. ஒருவர் உடனே நிறுத்திவிட வேண்டும் என்றார். இன்னொருவர், இதுவே மிலிட்டரியாக இருந்தால் நடக்குமா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மிலிட்டரியில் கீழே இருப்பவர் எதிர்த்து நின்றால் உண்மையில் என்ன நடக்கும்? எப்போதோ படித்த ஒரு மனிதர் நினைவுக்கு வந்தார். பெயர் ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லின். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர். அவர் கதையை உங்களுக்குச் சொல்கிறேன். கணக்கு எழுதிப் பழகிய கை என்பதால் வரவு, செலவு இரண்டையும் சொல்லிவிடுவேன்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் மெய்ன் என்று ஒரு குளிர்ப் பிரதேச மாநிலம். அங்கே ப்ரூவர் என்ற ஊரில் 1828 செப்டம்பர் 8 அன்று பிறந்தவர் சேம்பர்லின். சிறு வயதில் அவருக்குத் திக்குவாய். சில எழுத்துகளில் தொடங்கும் சொற்கள் வாயிலிருந்து வரவே வராது. பாடுவதுபோல ஒரு தாளத்தில் பேசிப் பேசி அதை வென்றார். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் எதற்குப் பேராசிரியர் ஆனார் தெரியுமா? பேச்சுக்கலைக்கு! பௌடன் கல்லூரியில் பாடம் நடத்தினார், பல மொழிகள் கற்றார். போருக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமை முறையைக் காப்பாற்ற நினைத்த தென் மாநிலங்கள் பிரிந்து போக, நாடு இரண்டாகி மோதிக்கொண்ட போர் அது. 1862இல் சேம்பர்லினுக்கு ஐரோப்பா சென்று மொழிகள் படிக்கக் கல்லூரி விடுப்பு கொடுத்தது. அவர் அந்த விடுப்பை வைத்துக்கொண்டு ராணுவத்தில் சேர்ந்துவிட்டார். ஒரு ரெஜிமென்ட்டுக்கே தலைமை தருவதாக மாநில ஆளுநர் சொன்னபோது, தனக்குத் தொழில் தெரியாது, ஒரு படி கீழே இருந்து கற்றுக்கொள்கிறேன் என்று மறுத்தார். 20ஆவது மெய்ன் ரெஜிமென்ட்டில் இரண்டாம் இடத்தில் சேர்ந்தார். பகலில் பயிற்சி, இரவில் புத்தகம். நமக்கெல்லாம் புரோமோஷன் வந்தால் வேண்டாம் என்போமா, சொல்லுங்கள்!

1863 மே மாதம் அவர் கர்னல் ஆனார். நாற்காலியில் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் சோதனை வந்துவிட்டது.

அதே மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த 2ஆவது ரெஜிமென்ட் இரண்டு ஆண்டுச் சேவை முடிந்து கலைக்கப்பட்டது. பெரும்பாலானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்கள். ஆனால் 120 பேர் மட்டும் போக முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காரணம் காகிதம். சேரும்போது அவர்கள் கையெழுத்துப் போட்டது மூன்றாண்டுப் பத்திரத்தில். ரெஜிமென்ட் எப்போது திரும்புகிறதோ அப்போது தாங்களும் திரும்பலாம் என்று நம்பித்தான் அவர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தோளோடு தோள் நின்றவர்கள் வீட்டுக்குப் போக, தாங்கள் மட்டும் முன்பின் தெரியாத இன்னொரு ரெஜிமென்ட்டில் இன்னும் ஓராண்டு சாக வேண்டுமா என்று கொதித்தார்கள். துப்பாக்கியைத் தொட மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

போர்க்களத்தில் இதற்குப் பெயர் கலகம். அதற்குத் தண்டனை என்ன என்று உங்களுக்கே தெரியும். அந்த 120 பேரையும் துப்பாக்கி முனையில் காவல் வைத்து, கைதிகள்போல நடத்தி, சேம்பர்லினிடம் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். கூடவே மேலிடத்து உத்தரவு: வேலை செய்ய வையுங்கள், மறுத்தால் சுட்டுவிடுங்கள்.

இனி அவர் செய்ததை வரிசையாகக் கவனியுங்கள். வரிசைதான் முக்கியம்.

முதலில் அவர் கவனித்தது அவர்களுடைய வயிற்றை. மூன்று நாட்களாக அவர்களுக்குச் சாப்பாடு தரப்படவில்லை. சோறு போடச் சொன்னார். இரண்டாவதாக, மேலதிகாரி ஜெனரல் மீடிடம் போய், இவர்களை என் வழியில் கையாள அனுமதி வேண்டும் என்று கேட்டு வாங்கினார். தன்னிச்சையாக உத்தரவை மீறவில்லை, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, காவலுக்கு நின்ற துப்பாக்கிக்காரர்களைத் திருப்பி அனுப்பினார். நான்காவதாக, 120 பேரையும் ஒரே கூட்டமாக விட்டுவைக்காமல், கம்பெனிகளுக்குப் பிரித்துப் பெயர் எழுதிச் சேர்த்தார். ஐந்தாவதாக, அவர்களிடம் பேசினார். உங்கள் பெயர்கள் இப்போது என் பதிவேட்டில் இருக்கின்றன, எல்லா வீரர்களையும் நடத்துவதுபோலவே உங்களையும் நடத்துவேன், உங்கள் உரிமை எதையும் நீங்கள் இழக்க மாட்டீர்கள், உங்கள் குறையை நானே மேலே எழுதுகிறேன் என்ற பொருளில் சொன்னார். சொன்னபடி மாநில ஆளுநருக்கு எழுதவும் செய்தார்.

அந்தக் கடிதத்தால் அவர்கள் மறுநாளே வீட்டுக்குப் போய்விடவில்லை. ஆனாலும் ஒரு சிலரைத் தவிர மற்ற எல்லோரும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள்.

இதன் மதிப்பு சில வாரங்களிலேயே தெரிந்தது. 1863 ஜூலை 2, கெட்டிஸ்பர்க் போரின் இரண்டாம் நாள். லிட்டில் ரவுண்ட் டாப் என்ற பாறைக் குன்றில், வடக்குப் படையின் இடது கோடியில் 20ஆவது மெய்ன் நின்றது. அதற்கு அப்பால் தங்கள் ஆள் ஒருவரும் இல்லை. இவர்கள் விலகினால் எதிரி பின்பக்கமாக நுழைந்துவிடுவான். அலபாமா வீரர்கள் திரும்பத் திரும்ப மேலேறி வந்தார்கள். ஆளுக்கு 60 தோட்டாக்கள்தான், அதுவும் தீர்ந்துபோனது. சேம்பர்லினின் ஆட்கள் துப்பாக்கி முனையில் கத்தியைச் செருகிக்கொண்டு சரிவில் இறங்கிப் பாய்ந்தார்கள். எதிரி வரிசை உடைந்தது.

அன்று அவரிடம் இருந்தவர்கள் நானூறுக்கும் குறைவு. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, 2ஆவது மெய்னிலிருந்து வந்தவர்கள். ரெஜிமென்ட்டின் கொடியை நடுவில் நின்று தூக்கிப் பிடித்த சார்ஜென்ட் ஆண்ட்ரூ டோசியரும் அந்த 2ஆவது மெய்ன்காரர்தான். அந்த வீரத்துக்காக அவருக்குப் பின்னாளில் நாட்டின் மிக உயர்ந்த பதக்கமே கிடைத்தது. சேம்பர்லினுக்கும் அதே பதக்கம் 1893இல் வந்தது. மே மாதத்தில் உத்தரவை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால், ஜூலையில் அந்தக் குன்றில் யார் நின்றிருப்பார்கள்?

இங்கே என் கதை இரண்டு வரி. வங்கியில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஆறு மாதம்தான் என்று வாய்மொழியாகச் சொல்லி ஒரு தொலைதூரக் கிளைக்கு அனுப்பினார்கள். இரண்டு வருடம் ஆகியும் கூப்பிடவில்லை. ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. லெட்ஜர் பேலன்ஸ் பண்ண மாலையில் உட்கார மாட்டேன் என்று நிறுத்திவிட்டேன். ஒரு மேனேஜர் மெமோ கொடுத்தார், நான் அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அடுத்து வந்தவர் என்னை எதிரே உட்காரவைத்து, என்னப்பா விஷயம் என்று கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டு, என் கண்முன்னே வட்டார அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். மாற்றல் வரப் பத்து மாதம் ஆயிற்று. ஆனால் மறுநாள் மாலையிலிருந்தே நான் லெட்ஜரில் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று என்னைக் கேட்டால், இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. என் பக்கம் ஒருவர் எழுதினார், அவ்வளவுதான்.

சேம்பர்லினுக்கு வருவோம். 1864 ஜூனில் பீட்டர்ஸ்பர்க்கில் இடுப்பைத் துளைத்துக்கொண்டு குண்டு பாய்ந்தது. பிழைக்க மாட்டார் என்று மருத்துவர்கள் கைவிட்டார்கள். சாகப் போகிறவர் என்று ஜெனரல் கிராண்ட் களத்திலேயே அவருக்குப் பதவி உயர்வு கொடுத்தார். பத்திரிகையில் மரணச் செய்திகூட வந்துவிட்டது. அவரோ எழுந்து மறுபடி களத்துக்குப் போனார். 1865 ஏப்ரலில் தென்படை சரணடைந்து ஆயுதங்களை ஒப்படைக்க வந்தபோது, தோற்றவர்களுக்கு மரியாதை அணிவகுப்பு செய்யும்படி தன் வீரர்களுக்கு உத்தரவிட்டார். ஊர் திரும்பியதும் நான்கு முறை மெய்ன் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1871இல் தான் படித்த பௌடன் கல்லூரிக்கே தலைவரானார்.

இதுவரை வரவு. இனி செலவுப் பக்கம்.

கல்லூரியில் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார். சீருடைக்கும் மாணவர்களே பணம் கட்ட வேண்டும். பையன்களுக்குப் பிடிக்கவில்லை. பெரும்பாலானோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள், பலன் இல்லை. 1874இல் மூன்று வகுப்பு மாணவர்கள் பயிற்சிக்கு வர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். இப்போது சேம்பர்லின் என்ன செய்தார்? மூன்று வகுப்புகளையும் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார். குறித்த நாட்களுக்குள் அடிபணிந்து திரும்பாவிட்டால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்று பெற்றோருக்குக் கடிதம் போனது. மூன்று பேரைத் தவிர எல்லோரும் திரும்பினார்கள். வெற்றி அவருக்குத்தான். ஆனால் பயிற்சி விருப்பப் பாடமாகச் சுருங்கி, சில ஆண்டுகளில் ஆளில்லாமல் 1882இல் நின்றே போனது.

பாருங்கள், அதே மனிதர். ஒருமுறை சுடும் அதிகாரம் கையில் இருந்தும் அதைத் தொடவில்லை. அடுத்த முறை, கையெழுத்திட்ட மனு முன்னால் இருந்தும் அதிகாரத்தைத்தான் எடுத்தார். மெய்ன் வீரர்களின் கோபம் வேறொருவர் கொடுத்த வாக்கின் மேல். மாணவர்களின் கோபம் அவருடைய சொந்தத் திட்டத்தின் மேல். அடுத்தவர் செய்த தவறு என்றால் நமக்கும் நிதானம் எளிதில் வருகிறது. நம்முடைய ஏற்பாட்டை ஒருவர் எதிர்த்தால்தான் ரத்தம் கொதிக்கிறது. நான் அப்படித்தான் படிக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி படிக்கலாம்.

சேம்பர்லின் 1914 பிப்ரவரி 24 அன்று போர்ட்லண்ட் நகரில் காலமானார். வயது 85. ஐம்பது வருடங்களுக்கு முன் பட்ட அந்த இடுப்புக் காயமே கடைசியில் அவரைக் கொண்டுபோனது.

இனி நம் பெஞ்சுக்கு. மறுநாள் நான் கேட்டுக்கு நடந்து போய் அந்தத் தம்பியிடம் விசாரித்தேன். மாற்று ஆள் வராததால் தொடர்ந்து இரண்டு ஷிஃப்ட் நின்றிருக்கிறார். மூன்றாவதையும் பார்க்கச் சொன்னபோதுதான் குரல் உயர்ந்திருக்கிறது. பேசிய விதம் தவறு, அதை அவரும் ஒப்புக்கொண்டார். இரவு சாப்பிட்டாயா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வாகனப் பதிவேட்டைப் புரட்டினார். ஷிஃப்ட் பட்டியலைப் பற்றி அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வரும்போது, நீங்களும் தவறாமல் வாருங்கள்.