ஒற்றைக் கண்ணால் தேசத்தை அளந்தவர்

ஐயப்பன்தாங்கலில் பஸ் ஏறினால் போரூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் ஓடும். மவுண்ட்-பூந்தமல்லி சாலை போய் முடிகிற பக்கத்தில் பரங்கிமலை நிற்கிறது. மலை என்று பெயரே தவிர, உயரம் முந்நூறு அடிதான். உச்சியில் புனித தோமையார் கோயில். அதன் முற்றத்தில் ஒரு வெள்ளைக்காரரின் மார்பளவுச் சிலை இருக்கிறது. யாரோ ஒரு பாதிரியார் என்று எண்ணிப் பலர் கடந்து போனால் வியப்பில்லை.

அவர் பாதிரியார் அல்ல; பட்டாளத்துக்காரர். பெயர் வில்லியம் லாம்டன்.

மலையடிவாரத்தில் இன்று இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம் இருக்கிறது. துப்பாக்கி பிடிக்கக் கற்கும் வாலிபர்களுக்கு அது பள்ளிக்கூடம். துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்திக் குறி பார்க்கப் பழகுகிறவன் முதலில் சில சங்கடங்களைச் சந்திப்பான். கண்ணைச் சரியான தூரத்தில் வைக்காவிட்டால் வட்டத்தின் ஓரம் இருண்டுவிடும். தலையைச் சிறிது அசைத்தால் குறுக்குக் கம்பி இலக்கின் மேல் நகர்வது போலத் தோன்றும். கண்ணாடியைத் திருகித் திருத்தினால்தான் அந்த மாயம் நிற்கும். வெயில் ஏறினால் கானல் எழுந்து இலக்கே நடனமாடும். எல்லாவற்றுக்கும் மேலாக, கருவியில் இயல்பாகவே ஒரு பிழை இருக்கும். அது எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாதவன் ஆயுள் முழுவதும் சுட்டாலும் குறி தப்பிக்கொண்டேயிருக்கும்.

தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கி 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பேர் வாங்கியது. அதற்கு அறுபது வருஷங்களுக்கு முன்பே, தோட்டா இல்லாத ஒரு கருவியில் இந்தப் பாடங்களையெல்லாம் படித்துத் தேறியவர் லாம்டன். அந்தக் கருவிக்குத் தியோடலைட் என்று பெயர். அதிலும் தொலைநோக்கி உண்டு. குறுக்குக் கம்பி உண்டு. நுட்பமாகத் திருப்பத் திருகாணி உண்டு. ஆனால் அது ஆளைக் கொல்லாது. இரண்டு இலக்குகளுக்கு இடையே உள்ள கோணத்தைச் சொல்லும்.

சூரியன் பறித்த கண்

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் லாம்டன். கணக்கில் கெட்டிக்காரர். 1781-ல் பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்காவுக்குப் போனார். அதே வருஷம் யார்க்டவுனில் ஆங்கிலப் படை சரணடைந்தபோது அவரும் கைதியானார். விடுதலையான பின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் எல்லை அளக்கும் வேலை. பிறகு பட்டாள விடுதியை மேற்பார்க்கும் சின்ன உத்தியோகம். நண்பர்கள் மேஜராகவும் கர்னலாகவும் உயர்ந்துகொண்டிருந்தபோது இவர் அந்தக் குளிர் தேசத்தில் கணித நூல்களைப் படித்துக்கொண்டு பத்து வருஷங்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்.

அங்கேதான் அந்த விபத்து. சூரிய கிரகணத்தை உரிய பாதுகாப்பு இல்லாமல் பார்த்ததில் ஒரு கண்ணின் பார்வை போயிற்று. குறி பார்க்கிறவன் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறான் அல்லவா? லாம்டனுக்கு அந்த வேலையைச் சூரியனே செய்து வைத்துவிட்டது.

இந்தியாவுக்கு வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவர் சேர்ந்த 33ஆம் படைப் பிரிவின் தலைவர் ஆர்தர் வெல்லஸ்லி. பிற்காலத்தில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபு இவர்தான். லாம்டனோ பேச்சுக் குறைந்தவர்; விருந்துகளில் ஒதுங்கியே நிற்பவர். அவரிடம் ஏதோ விஷயம் இருக்கிறது என்பது வெளியே தெரிந்தது 1799-ல், திப்பு சுல்தானை எதிர்த்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது. ஓர் இரவு ஜெனரல் பெயர்டின் படை ஒரு தோப்பைச் சோதித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. கும்மிருட்டு. எல்லோரும் தெற்கே தங்கள் முகாமுக்குப் போவதாக நினைத்தார்கள். லாம்டன் அண்ணாந்து நட்சத்திரங்களைப் பார்த்தார். படை போவது வடக்கே, நேராகத் திப்புவின் வாயில்! உடனே பெயர்டிடம் சொன்னார். பெயர்டு முதலில் நம்பவில்லை; பிறகு நம்பினார். படை தப்பியது. ஒற்றைக் கண்ணன் பார்த்ததை இரண்டு கண் உள்ளவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

மைசூர் விழுந்ததும் லாம்டன் ஒரு திட்டம் கொடுத்தார். கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடல் வரை தீபகற்பத்தை முக்கோணங்களால் அளப்பது; அதன் மூலம் பூமியின் வடிவத்தையும் கணக்கிடுவது. சர்க்காருக்குப் பூமியின் வடிவத்தைப் பற்றி அவ்வளவு அக்கறை இல்லை. ஆனால் பிடித்த நாட்டுக்கு நல்ல படம் வேண்டுமே! வெல்லஸ்லியின் ஆதரவும் இருந்தது. அனுமதி கிடைத்தது.

சீனச் சக்கரவர்த்தியின் சங்கிலி

முக்கோணக் கணக்கு எளிதானது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலும் உள்ள கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களும் தெரிந்துவிடும். அவற்றின் மேல் அடுத்த முக்கோணம். அதன் மேல் அடுத்தது. ஆகவே தரையில் சங்கிலி போட்டு அளக்க வேண்டியது முதல் கோடு ஒன்றைத்தான். ஆனால் அதில் அரை அடி தவறினால் அந்தத் தவறு பெருகிப் பெருகி மறுகடல் வரை போகும்.

1802 ஏப்ரல் 10-ந் தேதி பரங்கிமலை அருகே அந்த முதல் கோடு தொடங்கியது. தெற்கே பெரும்பாக்கம் குன்றுப் பக்கம் வரை சுமார் ஏழரை மைல். நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி, நாற்பது கண்ணிகள். சீனச் சக்கரவர்த்திக்கு ஆங்கிலத் தூதுக் கோஷ்டி கொண்டுபோன பரிசுகளில் ஒன்று அது. அவர் வேண்டாம் என்றதால் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. சித்திரை வெயிலில் இரும்பு நீளும் அல்லவா? அதனால் சங்கிலியை மரத் தொட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, ஒவ்வொரு தடவையும் சூட்டைக் குறித்துக்கொண்டார்கள். இப்படி நானூறு தடவை!

அதே வருஷம் தியோடலைட் வந்து சேர்ந்தது. லண்டனில் வில்லியம் கேரி செய்தது. மூன்று அடி அகலமுள்ள பித்தளை வட்டம். மொத்த எடை அரை டன். வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் தீவுக்குப் போய், விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் மரியாதையாகத் திருப்பி அனுப்பப்பட்டது என்பர்.

தூரத்துக் குன்றின் மேல் ஒரு கொடி. லாம்டன் தொலைநோக்கியில் கண்ணை வைப்பார். குறுக்குக் கம்பியைக் கொடியின் மேல் நிறுத்துவார். வட்டத்தின் விளிம்பில் உள்ள நுண்ணிய கோடுகளை உருப்பெருக்கி வழியாகப் படிப்பார். பிறகு மறுபடியும், மறுபடியும் அதே கொடி. வட்டத்தின் வேறு வேறு பாகங்களில் படித்துச் சராசரி எடுப்பார். தன் கண்ணையும் நம்பவில்லை, கருவியையும் நம்பவில்லை. உச்சி வெயிலில் கானல் எழுந்தால் வேலை நிற்கும். காற்று தெளியும்வரை காத்திருப்பார்கள்.

கொடி பிடித்தவர்கள் யார்? நம் ஊர் ஜனங்கள். காட்டிலும் குன்றிலும் காய்ச்சலோடும் புலியோடும் வாரக்கணக்கில் கிடந்தவர்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கிராமத்து மக்களுக்கு வேறொரு சந்தேகம்: உயரத்தில் ஏறித் தொலைநோக்கியில் பார்க்கிற துரைமார் வீட்டுப் பெண்களைப் பார்க்கிறார்களோ என்று. போதாக்குறைக்கு, அக்கால அளவைத் தொலைநோக்கிகள் பலவற்றில் உருவம் தலைகீழாகத் தெரியும். சண்டைக்குக் கேட்க வேண்டுமா?

இரண்டு வருஷம் கழித்துப் பெங்களூரில் மறுபடியும் சங்கிலி போட்டார்கள். சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக வந்த கணக்கும், தரையில் அளந்ததும் ஒத்துப் போகிறதா? ஏழு மைல் கோட்டில் நான்கு அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. மேற்குக் கரையை எட்டியபோது சர்க்காருக்கு ஓர் அதிர்ச்சி. பழைய படங்களில் சென்னைக்கும் மங்களூருக்கும் நடுவே நானூறு மைல். லாம்டன் கணக்கில் முந்நூற்று அறுபதுதான். நாற்பது மைல் தேசம் காணாமற்போய்விட்டது!

தஞ்சையில் அறுந்த கயிறு

தெற்கே காவிரிச் சமவெளியில் குன்றுகள் இல்லை. தென்னையும் பனையும் பார்வையை மறைத்தன. லாம்டன் கோயில் கோபுரங்களை நாடினார். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக்கு அரை டன் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். பாதி உயரத்தில் ஒரு கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் போய் மோதியது.

பித்தளை வட்டம் வளைந்து கோணலாகிவிட்டது. மயிரிழையில் நூறில் ஒரு பங்கு பார்க்கிற கருவி அது. வேறு கருவி வேண்டுமானால் லண்டனில் செய்து கப்பலில் வர வேண்டும்; வருஷங்கள் ஆகும். லாம்டனுக்கு வயது ஐம்பதுக்கு மேல். ஆறு வருஷத்து உழைப்பு கோயில் சுவரடியில் கிடந்தது.

யார் மீதும் அவர் எரிந்து விழுந்ததாக வரலாறு இல்லை. ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தேர்ந்த கைவினைஞர் சிலரைத் தவிர யாருக்கும் உள்ளே அனுமதி இல்லை. பெரிய பலகையில் வட்டத்தின் சரியான அளவை வரைந்து செதுக்கினார். வளைந்த பித்தளையை அதற்குள் வைத்து ஆப்பு, திருகாணி, கப்பி கொண்டு இம்மி இம்மியாக இழுத்தார். மடங்கிய ஆரக் கால்களைச் சிறு மரச் சுத்தியல்களால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரம்! வட்டம் ஏறக்குறையப் பழைய வடிவுக்கு வந்தது.

ஏறக்குறையத்தான். அது அவருக்கே தெரியும். அதனால்தான் அதற்குப் பிறகும் ஒரே கோணத்தைப் பலமுறை பார்க்கும் வழக்கத்தை விடவில்லை. அந்தக் கருவியோடுதான் குமரிமுனை வரை போனார். பிறகு வடக்கே திரும்பினார்.

1818-ல் அவர் பணிக்கு மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் சூட்டி, கவர்னர் ஜெனரலின் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்கள். உதவிக்கு வந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற வாலிபர். அவர் கண்டது தலை நரைத்த, இருமலால் வாடிய, எந்நேரமும் சோர்ந்து தோன்றிய ஒரு கிழவரை. ஆனால் தியோடலைட்டைத் திருத்த எழுந்தால் அந்தக் கிழவர் வேறு மனிதராகிவிடுவாராம். கை நடுங்காது. வயதின் சுவடே தெரியாது.

நாகபுரியை நோக்கி முகாம் நகர்ந்துகொண்டிருந்தபோது, 1823 ஜனவரி 20-ந் தேதி, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள ஹிங்கன்காட் என்ற ஊரில் லாம்டன் காலமானார். அங்கேயே அடக்கம் செய்தார்கள். கருவியை எவரெஸ்ட் எடுத்துக்கொண்டார். தஞ்சையில் பட்ட காயம் முற்றும் ஆறவில்லை. பிற்பாடு அதைப் பிரித்துப் புதுப்பிக்க நேர்ந்தது. உலகத்தின் உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். லாம்டனுக்குப் பரங்கிமலை முற்றத்தில் ஒரு சிலை. ஹிங்கன்காட்டில் ஒரு கல்லறை. அவர் கூடாரத்துக்குள் அடைந்து நிமிர்த்திய அந்தப் பித்தளை வட்டம் டேராடூனில், இந்திய நில அளவைத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது.