வில்லியம் புரூக் ஓ'ஷானெசி

வில்லியம் புரூக் ஓ'ஷானெசி (1809 – ஜனவரி 8, 1889) அயர்லாந்தின் லிமரிக் நகரில் பிறந்த மருத்துவர், வேதியியலாளர். இந்தியாவில் வழங்கிவந்த கஞ்சா மருந்துகளை ஆராய்ந்து மேலைநாட்டு மருத்துவத்துக்கு அறிமுகப்படுத்தியவர். இந்தியாவில் தந்திச் சேவையை நிறுவியவரும் இவரே.

இளமை

எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1829 இல் பட்டம் பெற்றார். வாந்திபேதி நோயாளிகளின் குருதியை ஆராய்ந்து, அதில் நீரும் உப்புக்களும் குறைந்துவிடுவதைக் காட்டினார். இதனைப் பின்பற்றியே 1832 இல் தாமஸ் லாட்டா நோயாளிகளின் சிரைக்குள் உப்புநீர் செலுத்தினார்.

கஞ்சா ஆய்வு

1833 இல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகக் கல்கத்தா வந்த ஓ'ஷானெசி, பின்னர் அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். உள்ளூர் மக்கள் கஞ்சாவை நெய்யுடன் சேர்த்துக் காய்ச்சுவதை அவர் கவனித்துப் பதிவு செய்தார். செடியின் பிசின் எரிசாராயத்தில் எளிதில் கரைவதால், அதைக் கொண்டே தமது மருந்தைத் தயாரித்தார். முதலில் விலங்குகளிலும் பின்பு நோயாளிகளிலும் சோதித்து, 1839 இல் முடிவுகளை வெளியிட்டார். வெறிநாய்க்கடி நோயாளி ஒருவர் பிழைக்கவில்லை. எனினும் மருந்தால் அவரது துன்பம் தணிந்து, உணவு விழுங்க முடிந்தது. தீராத நோயிலும் வலியைக் குறைப்பது மருத்துவரின் கடமை என்ற நோக்கு இங்கு தெரிகிறது.

பிற்கால விளக்கம்

நெய்யும் சாராயமும் ஏன் தேவைப்பட்டன என்பது அவர் காலத்தில் புலப்படவில்லை. கஞ்சாவின் முதன்மை வேதிப்பொருளான டெட்ராஹைட்ரோகன்னாபினால் நீரில் கரையாத, பிசுபிசுப்பான எண்ணெய்த் தன்மை கொண்டது. ஓபியத்திலிருந்து மார்பின் படிகமாக 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரிக்கப்பட்டுவிட, இதைத் தூய நிலையில் பிரித்து வடிவம் காண 1964 வரை ஆயிற்று. உயிரணுவைச் சூழ்ந்த மென்சவ்வு, கொழுமியங்கள் எனப்படும் கொழுப்புப் பொருட்களின் ஈரடுக்கால் ஆனது. எண்ணெய்த்தன்மையுள்ள இம்மூலக்கூறு அதனுள் எளிதில் புகுந்து தங்கும். மயக்க மருந்தைப் போலச் சவ்வின் அமைப்பைக் குலைத்தே இது செயற்படுகிறது என்று பலர் கருதினர். 1988 இல் இதற்குரிய ஏற்பிப் புரதம் மூளை உயிரணுச் சவ்வில் இனங்காணப்பட்டபின் அக்கருத்து பின்தங்கியது. ஆயினும் சவ்வுக் கொழுமியங்களின் பங்கு அற்றுப்போகவில்லை: அதே ஏற்பியுடன் இணைவதாக 1992 இல் கண்டறியப்பட்ட, 'ஆனந்தம்' என்ற வடமொழிச் சொல்லால் பெயர்பெற்ற அனந்தமைடு, உடலுக்குள் அக்கொழுமியங்களிலிருந்தே உருவாகிறது.

தந்தி

1850களில் இவரது மேற்பார்வையில் கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை நகரங்கள் தந்திக் கம்பிகளால் இணைக்கப்பட்டன. இச்சேவை 2013 இல் நிறுத்தப்பட்டது. 1843 இல் அரச கழக உறுப்பினரான இவர், 1856 இல் சர் பட்டம் பெற்றார். இங்கிலாந்தின் சௌத்சீயில் காலமானார்.