ஜாசு கிப்சன்

ஜாசு கிப்சன் (டிசம்பர் 21, 1911 – சனவரி 20, 1947) அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்ட வீரர் ஆவார். கறுப்பின வீரர்களுக்கென இயங்கிய நீக்ரோ லீக்குகளில் இவர் கேட்சராக விளையாடினார். கேட்சர் என்பவர் கிரிக்கெட்டின் விக்கெட் காப்பாளரைப் போன்று மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர். அடிபந்தாட்ட வரலாற்றின் மிகச் சிறந்த மட்டையாளர்களுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

வாழ்க்கை

கிப்சன் ஜார்ஜியா மாநிலத்தின் புவெனா விசுட்டா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை எஃகு ஆலையில் வேலை பெற்றதால் குடும்பம் பிட்சுபர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1930ல் ஓம்சுடெட் கிரேசு அணியில் சேர்ந்தார். அதே ஆண்டில் இவரது மனைவி எலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுக்கையில் இறந்தார்.

1932 முதல் 1936 வரை பிட்சுபர்க் கிராஃபர்ட்சு அணியில் சாச்சல் பெய்ச், ஆசுகர் சார்ல்சுடன் ஆகியோருடன் ஆடினார். 1937ல் மீண்டும் கிரேசு அணிக்குத் திரும்பினார். அங்கு இவரும் பக் லியோனார்டும் இணைந்து ஆடியது, வெள்ளையர் லீக்கின் பேப் ரூத் – லூ கெரிக் இணையுடன் ஒப்பிடப்பட்டது. 1941ல் மெக்சிக்கோவில் விளையாடினார்.

1943ன் தொடக்கத்தில் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அறுவை மருத்துவத்துக்கு அவர் உடன்படவில்லை. எனினும் அவ்வாண்டிலேயே தம் மிகச் சிறந்த மட்டை வீதத்தை எட்டினார். 35ஆம் அகவையில் பக்கவாதத்தால் இறந்தார். அதற்கு மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 15, 1947 அன்று, ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் களமிறங்கி, பல பத்தாண்டுகளாக நிலவிய நிறத்தடையை உடைத்தார்.

சமகாலத்தவருடன் ஒப்பீடு

மட்டை வீதம் என்பது வெற்றிகரமான அடிகளின் எண்ணிக்கையை மட்டை வாய்ப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பெறுவது. இதில் 0.300 சிறந்த வீரரின் அடையாளம். அடிவலு வீதம் என்பது ஒரு மட்டை வாய்ப்புக்குச் சராசரியாக எத்தனை தளங்கள் கிடைத்தன என்பதைக் காட்டும். நீக்ரோ லீக்குகள் ஏழினை மேஜர் லீக்குகளாக 2020ல் ஏற்ற மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு, 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்களைத் தன் பதிவேட்டில் சேர்த்தது. அப்போதைய நிலை:

* வாழ்நாள் மட்டை வீதம்: கிப்சன் 0.372, டை கோப் 0.367, சார்ல்சுடன் 0.363
* வாழ்நாள் அடிவலு வீதம்: கிப்சன் 0.718, பேப் ரூத் 0.690
* ஓராண்டின் உயர்ந்த மட்டை வீதம்: கிப்சன் 0.466 (1943), இயூ டஃபி 0.440 (1894)

வீதங்களில் முந்தினாலும் மொத்த எண்ணிக்கையில் கிப்சன் பின்தங்கியே உள்ளார். கோப் 3,000க்கும் கூடுதலான ஆட்டங்களில் ஆடியவர். கிப்சனின் ஏற்கப்பட்ட லீக் ஆட்டங்கள் ஏறத்தாழ 600 மட்டுமே. நீக்ரோ லீக்குகளின் ஆட்ட அட்டவணை குறுகியது. வருவாய்க்காக ஊர் ஊராகச் சென்று ஆடிய காட்சி ஆட்டங்களே மிகுதி. இவரது நினைவுப் பலகை ஏறத்தாழ 800 ஓம் ரன்களைக் குறிப்பிடுகிறது. காட்சி ஆட்டங்கள் கணக்கில் வராததால் 2024ஆம் ஆண்டுப் பதிவேட்டில் அவை 200க்கும் குறைவு. ரூத்தின் எண்ணிக்கை 714. குறைந்த ஆட்டங்களில் உயர் வீதத்தைப் பேணுவது எளிது என்பர் சில ஆய்வாளர்கள். கூடுதல் ஆட்டங்கள் ஆடும் வாய்ப்பை மறுத்தது நிறத்தடையே என்பது மறுதரப்பின் வாதம். கோப், ரூத் இருவரும் கறுப்பின வீரர்கள் விலக்கப்பட்ட லீக்குகளிலேயே தம் சாதனைகளைப் படைத்தனர் என்பதும் சுட்டப்படுகிறது.

நினைவு

1972ல் கிப்சனும் லியோனார்டும் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்சுடவுனில் உள்ள பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டனர். பிட்சுபர்க்கின் அலிகெனி கல்லறைத் தோட்டத்திலுள்ள இவரது கல்லறையில் 1975 வரை பெயர்க்கல் இல்லை.